குடைக்காரரை எங்கே காணோம்?

கேள்வி: நானும் நண்பனும் சேர்ந்து ஒரு காமிக்ஸ் புத்தகம் போட்டோம். 96 பக்கம், கருப்பு வெள்ளை, 500 பிரதி, விலை 150 ரூபாய். கதை என்னுடையது, ஓவியம் அவனுடையது. மீன்பிடித் துறைமுகத்தில் நடக்கும் டீசல் கடத்தலைத் துப்பறிகிற ஓர் ஆய்வாளர்தான் நாயகன். 11 மாதத்தில் 210 பிரதி போனது. எங்களைக் குழப்புவது வேறு. ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதும் பெரியவர் ஒருவர் ஓட்டைக் குடையோடு மொத்தம் 6 பக்கம் வந்துபோவார். புத்தகக் காட்சியில் எங்கள் கடைக்குத் திரும்பி வந்தவர்கள் எல்லாரும் அவரைத்தான் விசாரித்தார்கள். நாயகனின் பெயர்கூடப் பலருக்கு நினைவில்லை. இரண்டாம் புத்தகத்தில் 40 பக்கம் வரைந்தாகிவிட்டது, அதில் பெரியவர் கிடையாது. 88-ஆம் பக்கத்தில் ஒரே ஒரு காட்சிக்கு வரவழைத்து அங்கேயே கொன்றுவிடலாம், தொல்லை விட்டது என்கிறான் நண்பன். வாசகர் இழுத்த இழுப்புக்கெல்லாம் போனால் படைப்பாளி என்று நாங்கள் எதற்கு? பிரதி ஒன்று அனுப்பியிருக்கிறேன். பெயர் வெளியிட வேண்டாம்.

பதில்: கொலையைக் கடைசியில் பேசலாம். முதலில் குடைக்காரர்.

உங்களுக்கு நடந்திருப்பது காமிக்ஸ் உலகில் நூறாண்டுப் பழைய சங்கதி. அமெரிக்காவில் ஈ. சி. சீகர் 1919 டிசம்பரில் 'திம்பிள் தியேட்டர்' என்ற நாளிதழ்த் தொடரை ஆரம்பித்தார். ஆலிவ் ஆயில், அவளுடைய அண்ணன் காஸ்டர், அவளுடைய காதலன் ஹாம் கிரேவி, இவர்கள்தான் ஆட்கள். ஒன்பது வருடம் தாண்டி, 1929 ஜனவரி 17 அன்று, காஸ்டர் ஒரு தீவுக்குக் கப்பலில் போக வேண்டியிருக்கிறது. துறைமுகத்தில் நின்ற ஒரு ஒற்றைக்கண் மாலுமியைக் கூலிக்குப் பிடிக்கிறான். அவன்தான் பாப்பாய். பயணம் முடிந்ததும் சீகர் அவனைக் கதையிலிருந்து அனுப்பிவிட்டார். வாசகர்கள் விடவில்லை. சில வாரத்தில் பாப்பாய் திரும்பி வந்தான், பத்து வருடமாகக் காதலனாக இருந்த ஹாம் கிரேவி மெல்ல மறைந்தான், பிற்காலத்தில் தொடரின் பெயரே பாப்பாய் என்றானது.

இதில் வாசகர் செய்தது என்ன, சீகர் செய்தது என்ன என்று பிரித்துப் பாருங்கள். ஒரு மாலுமி வேண்டும் என்று யாரும் சீகரிடம் மனு கொடுக்கவில்லை. அவர் வைத்தார்; அவர்கள் பொறுக்கினார்கள். பொறுக்கிய பிறகு அவனை வைத்து என்ன செய்வது என்பது மறுபடி சீகரின் வேலை. ஆக, யார் ஜெயிப்பது என்பதில் உங்களுக்கு ஓட்டே இல்லை. யார் யார் களத்தில் நிற்பது என்பது முழுக்க உங்கள் கையில். உங்கள் மரியாதைப் பிரச்சினைக்கு என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்.

ஆனால் ஒரு சந்தேகம். 'எல்லாரும்' கேட்டார்கள் என்கிறீர்கள். எத்தனை பேர்? 12-ஆ, 60-ஆ? உங்கள் கடிதத்தில் இல்லாத முக்கியமான எண் அதுதான். திரும்பி வந்தவர்கள் என்றாலே ஏற்கெனவே சல்லடையில் சலித்தவர்கள். புத்தகத்தை வாங்கிப் பாதியில் மூடி அலமாரியில் வைத்தவர் உங்கள் கடைக்கு மறுபடி வந்து 'பாதியில் மூடினேன்' என்று சொல்லப் போவதில்லை. அவருடைய கருத்து உங்கள் காதுக்கு எட்டவே எட்டாது, ஆனால் மூன்றாவது புத்தகம் வருமா வராதா என்பதை முடிவு செய்வதில் அவருக்கும் பங்கு உண்டு.

இதற்கு வழி கண்டவர்கள் ஜப்பான்காரர்கள். ஷூயிஷா நிறுவனத்தின் 'ஷோனென் ஜம்ப்' 1968-இல் தொடங்கி அடுத்த ஆண்டே வார இதழானது. ஒவ்வொரு இதழிலும் ஒரு கேள்வி அட்டை இருக்கும். அந்த வாரம் வந்த கதைகளில் பிடித்த மூன்றை வாசகர் குறித்து அனுப்ப வேண்டும், வயது முதலிய விவரங்களோடு. அனுப்புகிறவர்களுக்குக் குலுக்கலில் பரிசு. இந்தப் பரிசை ஏதோ விளம்பர உத்தி என்று நினைத்துவிடாதீர்கள். பரிசு இல்லாவிட்டால் தீவிர ரசிகர் மட்டுமே எழுதுவார். பொம்மைக்கும் விளையாட்டுச் சாமானுக்கும் ஆசைப்பட்டு எழுதுகிற பையன்தான் சாதாரண வாசகன். அவனுடைய அட்டைதான் விலை உள்ளது. தொடர்ந்து கீழேயே கிடக்கும் புதுத்தொடர் பத்து வாரம் போல ஓடியதும் நின்றுவிடும். ஓவியர் யாராக இருந்தாலும் இதுதான் கதி. கேட்கக் கொடூரமாக இருக்கிறது. ஆனால் 1995 புத்தாண்டை ஒட்டிய இதழை 65 லட்சத்துக்கும் மேல் அச்சடிக்க வைத்ததில் இந்தக் கொடூரத்துக்கும் பங்கு உண்டு.

அதே இதழில் நடந்த இரண்டு சங்கதிகள் உங்கள் வழக்குக்கு நேரடியாகப் பொருந்தும். 1996-இல் கஸூகி தகஹாஷி தொடங்கிய 'யூகியோ' பலவித விளையாட்டுகளைப் பற்றிய கதை. சீட்டு விளையாட்டு ஒன்று அதில் இரண்டு அத்தியாயத்தோடு முடிந்துபோக வேண்டியது. அந்தச் சீட்டைப் பற்றிக் கேட்டுக் கடிதங்கள் குவிந்தன. கதை அந்தப் பக்கம் சாய்ந்தது. இன்று உலகம் முழுக்கப் பிள்ளைகள் கையில் இருப்பது அந்தச் சீட்டுதான். இது உங்கள் குடைக்காரர்.

இன்னொன்று 'டிராகன் பால்', 1984. தொடங்கிய பரபரப்பு அடங்கியதும் அட்டைகளில் இடம் சரிந்தது. ஆசிரியர் தோரியாமாவும் அவருடைய எடிட்டர் தோரிஷிமாவும் உட்கார்ந்து காரணம் தேடினார்கள். நாயகன் எடுப்பாக இல்லை என்பது எடிட்டரின் கணிப்பு. அவர்கள் நாயகனை மாற்றவில்லை. அவனுக்கு ஒரே ஓர் ஆசையைக் கொடுத்தார்கள்: பலசாலி ஆக வேண்டும். சுற்றி இருந்த ஆட்களைக் குறைத்து, பயிற்சிக்கு ஒரு குருவையும் போட்டிக்கு ஒரு சக மாணவனையும் பக்கத்தில் நிறுத்தி, தற்காப்புக் கலைப் போட்டியில் இறக்கினார்கள். தொடர் ஏறியது. அட்டை சொன்னது 'சரிகிறது' என்பதை மட்டும்தான். ஏன் என்பதை அட்டை சொல்லாது, வாசகருக்கும் சொல்லத் தெரியாது. அதற்கான விடை வரைந்த பக்கத்திலேயே கிடக்கும்.

ஆகவே உங்கள் பக்கங்களுக்கு வருகிறேன். 31-ஆம் பக்கத்தை எடுங்கள். ஐஸ் உடைக்கும் இயந்திரத்தின் வாய்க்கடியில் பெரியவர் நிற்கிறார். மேலே ஐஸ்தூள் கொட்டுகிறது, குடையின் ஓட்டை வழியாகத் தண்ணீர் அவர் கணக்கு நோட்டில் சொட்டுகிறது. எதிரே கடத்தல்காரன். பெரியவர் கேட்பது: 'என் முன்னூத்தி நாப்பது ரூவா என்னாச்சு?' ஐந்தே சொல். ஊரையே ஆட்டிப் படைக்கிறவனிடம் 340 ரூபாய் பாக்கியைக் கேட்கிற மனிதர். கிடைக்குமா கிடைக்காதா என்று நமக்குப் பதைக்கிறது. இப்போது 32-ஐத் திருப்புங்கள். ஆய்வாளர் ஜீப்பில் உட்கார்ந்துகொண்டு டீசல் மானியம் எப்படிக் கைமாறுகிறது என்று விளக்குகிறார். ஒரே பேச்சுப் பலூனில் 46 சொல். எண்ணிப் பார்த்துத்தான் எழுதுகிறேன். அவருக்குக் கடமை இருக்கிறது. ஆசை இல்லை, பயம் இல்லை, பாக்கி இல்லை. இழக்க ஒன்றும் இல்லாதவரைப் பற்றி யார் கவலைப்படுவார்கள்?

உங்கள் நாயகன் தோற்றதற்குப் பாதிக் காரணம், வசனத்தைப் பலூனில் பொருத்திய விதம். தமிழ்ச் சொல் நீளம். 'கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது' என்று எழுதினால் ஒல்லியான பலூனில் மூன்று துண்டாக உடையும். படித்து முடிப்பதற்குள் கண் அடுத்த படக் கட்டத்துக்குத் தாவிவிடும். ஒரு பலூனுக்கு 15 சொல், ஒரு கட்டத்துக்கு 25 என்று வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். நண்பர் படத்தை முடித்த பிறகு மிச்ச இடத்தில் வசனத்தைத் திணிக்கிறீர்கள் என்பது பார்த்தாலே தெரிகிறது. முறையை மாற்றுங்கள்: பென்சில் கோட்டிலேயே வசனத்தை எழுதி பலூனை அளந்துவிட்டு, மீதி இடத்தில் அவர் வரையட்டும்.

இது என் வாசிப்பு. சரியா என்று சோதிக்க 10 பேர் போதும். புத்தகத்தைப் பார்த்திராத 10 பேர், அதில் பாதியாவது காமிக்ஸ் வாசிக்கும் வழக்கம் இல்லாதவர்களாக இருக்கட்டும். கையில் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். ஒரு துண்டுத்தாளில் பக்க எண்ணை மட்டும் குறியுங்கள்: கட்டைவிரல் முந்தைய பக்கத்துக்குத் திரும்பினால் ஒரு குறி (ஒன்று ரசித்திருக்கிறார், இல்லை புரியவில்லை; முகத்தைப் பார்த்தால் எது என்று தெரியும்), பலூனைப் படிக்காமல் தாண்டினால் ஒரு குறி, போனை எடுத்தால் பெரிய வட்டம். முடிந்ததும் 'எப்படி இருந்தது' என்று கேட்காதீர்கள். நன்றாக இருந்தது என்றுதான் சொல்வார்கள். எழுதியவன் எதிரே உட்கார்ந்திருக்கும்போது வேறென்ன சொல்ல? 'கதையைச் சொல்லுங்கள்' என்று கேளுங்கள். எதை விட்டுவிட்டுச் சொல்கிறார்களோ அது அவர்களுக்குள் போகவே இல்லை.

பத்துப் பேர் மூலம் ஏன் என்பது புரியும். எத்தனை பேர் என்பதற்கு அட்டை வேண்டும். மீதி 290 பிரதியிலும் ஒரு சீட்டைச் செருகுங்கள். அஞ்சல் செலவை வாசகர் தலையில் கட்டினால் ஒன்றும் வராது. இதற்கென்று ஒரு தனி வாட்ஸப் எண் வாங்கி, ஸ்கேன் செய்யும் கட்டத்தையும் அச்சடித்துவிடுங்கள். மூன்று கேள்விக்கு மேல் வேண்டாம். யாருக்காவது காட்ட வேண்டும் என்று தோன்றிய பக்கம் எது? அடுத்த புத்தகத்தில் யார் வரவேண்டும்? எந்தப் பக்கத்தில் நிறுத்திவைத்தீர்கள்? இரண்டாவது கேள்விக்குக் கீழே பெயர்ப் பட்டியல் போடாதீர்கள். பட்டியல் போட்டால் முதல் பெயருக்குத் தானாக ஓட்டு விழும், அந்த முதல் பெயர் உங்கள் ஆய்வாளராக இருக்கும், நீங்களும் சந்தோஷமாக ஏமாறுவீர்கள். பெயர் ஞாபகமில்லாமல் 'அந்தக் குடைக்காரர்' என்று எழுதினால் அதுதான் அசல் ஓட்டு. வயதையும், புத்தகம் வாங்கியதா இரவல் வாங்கியதா என்பதையும் ஓரத்தில் கேளுங்கள். இரவலில் படித்தவர் பதில் போட்டிருந்தால் அவர் அடுத்த பிரதியின் வாடிக்கையாளர். பரிசுக்கு நண்பரின் அசல் ஓவியப் பக்கங்களில் ஐந்தைக் குலுக்கலில் கொடுங்கள்.

பதில்களை எண்ணும்போது ஒரு சின்னக் கணக்கு உதவும். பதில்களின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் எடுத்து, 100-ஐ அதால் வகுத்தால் வருவது தோராயமான பிழை. 36 பதில் என்றால் வர்க்கமூலம் 6. பிழை ஏறக்குறைய 17 சதவீதப் புள்ளி. ஆகவே 17 பேர் குடைக்காரரையும் 14 பேர் ஆய்வாளரையும் கேட்டிருந்தால் வித்தியாசம் 8 புள்ளிதான்; அதில் சேதி எதுவும் இல்லை, இருவரும் சமம். 24-க்கு 5 என்று வந்தால் கதையை மாற்ற அது போதும்.

கதையின் முடிவை மட்டும் ஓட்டுக்கு விடாதீர்கள். 1988 செப்டம்பரில் பேட்மேன் இதழ் அதைச் செய்து பார்த்தது. பேட்மேனின் இளம் கூட்டாளி ராபின்; அந்தப் பெயரில் இரண்டாவதாக வந்த ஜேசன் டாட் பிழைக்கலாமா சாகலாமா என்று இரண்டு தொலைபேசி எண்கள் கொடுத்து, ஓர் அழைப்புக்கு 50 சென்ட் வாங்கினார்கள். 36 மணி நேரத்தில் சாக வேண்டும் என்று 5,343 அழைப்பு, பிழைக்க வேண்டும் என்று 5,271. வித்தியாசம் 72. ராபின் செத்தான். அழைத்தவர்கள் 10,614 பேர் என்று நினைக்காதீர்கள். ஒருவரே எத்தனை முறை வேண்டுமானாலும் கூப்பிடலாம். காசும் வெறியும் இருந்தவர்களின் தீர்ப்பு அது. இதழை வாங்கிவிட்டுப் போனைத் தொடாமல் இருந்தவர்கள் அந்தக் கணக்கில் இல்லவே இல்லை. வாசகருக்கு ஏதாவது பங்கு கொடுத்தே ஆக வேண்டும் என்று தோன்றினால், பெயர் வைக்கச் சொல்லுங்கள். ஆஸ்டெரிக்ஸ் என்ற பிரெஞ்சு காமிக்ஸ் கதை ஒன்றில் பெயரில்லாமல் பின்னாலேயே ஓடிவந்த குட்டி நாய்க்கு, அது வெளிவந்த 'பிலோத்' இதழின் வாசகர்கள்தான் பெயர் தந்தார்கள்.

அட்டை வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். இத்தாலியில் 1948 செப்டம்பரில் கதாசிரியர் போனெல்லியும் ஓவியர் கலெப்பினியும் ஒரே சமயத்தில் இரண்டு தொடர்களை இறக்கினார்கள். பெரிய அளவில் பகட்டாக வந்த 'ஒக்கியோ கூப்போ' மேல்தான் அவர்களுடைய நம்பிக்கை முழுவதும். கலெப்பினி பகலெல்லாம் அதை வரைந்துவிட்டு, இரவு மிச்ச நேரத்தில் இன்னொன்றை வரைவார்: பக்கத்துக்கு ஒரே வரிசைப் படம், 32 பக்கம், 15 லிரா. நம்பிக்கை வைத்தது சீக்கிரமே நின்றது. ராத்திரி வேலையாக வந்தது கௌபாய் நாயகன் டெக்ஸ் வில்லர். நம்மூர் லயன் காமிக்ஸ் வாசகர்கள் 'இரவுக் கழுகார்' என்று கொண்டாடுகிறார்களே, அவரேதான். இத்தாலியில் இன்றும் மாதாமாதம் வருகிறார். இதில் எனக்குப் பிடித்தது, மலிவான குதிரையையும் கூடவே ஓடவிட்டதுதான்.

நீங்களும் ஒரு மலிவுக் குதிரையை விடுங்கள். ஒரு பாரம், அதாவது 16 பக்கம். சென்டர் பின் அடித்த சின்னப் புத்தகம். குடைக்காரர் 340 ரூபாயை வசூலிக்கப் போகும் ஒரு நாள், அவ்வளவுதான் கதை. ஆய்வாளர் வேண்டுமானால் ஒரு கட்டத்தில் ஜீப்பில் கடந்து போகட்டும். டிஜிட்டல் அச்சில் 200 பிரதி போதும், ஆஃப்செட் வேண்டாம். 40 ரூபாய் வைத்து, பெரிய புத்தகத்தின் பக்கத்திலேயே அடுக்குங்கள். கூட ஒரு நோட்டு: தேதி, ஊர், நேர் விற்பனையா கடையா தபாலா, ஏற்கெனவே வாங்கியவரா புதியவரா, சின்னதை வாங்கியவர் பெரியதையும் எடுத்தாரா. இந்தக் கடைசிக் கட்டம்தான் முக்கியம். பழைய வாசகர் மட்டுமே வாங்கினால் குடைக்காரர் ரசிகர்களின் செல்லப்பிள்ளை, அதற்கு மேல் இல்லை. புதியவர் 40 ரூபாய்க்கு வாங்கிப் படித்துவிட்டு மறுநாள் வந்து 150 கொடுத்தால் உங்கள் தொடரின் நாயகன் யார் என்று தீர்மானமாகிவிட்டது. கடைகளில் வைத்த பிரதியை விற்ற கணக்கில் எழுதாதீர்கள். பணம் வந்த பிறகு எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து மூலை மடங்கித் திரும்பி வரும் கட்டு நிறையப் பேரைக் கவிழ்த்திருக்கிறது.

ஒன்று விட்டுப்போயிற்று. சின்னதும் போகாவிட்டால்? அப்போதும் பெட்டியில் போட்டு வையுங்கள். இரும்புக்கை மாயாவி 1962-இல் பிரிட்டனின் 'வேலியண்ட்' இதழில் பிறந்தவர். அந்த இதழ் 1976-இல் நின்றுபோனது. 1972-இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாகத் தமிழில் வந்தவருக்கு இங்கே கிடைத்த வாழ்வு தனி. அவருடைய மறுபதிப்புக்கு அரை நூற்றாண்டு கழித்தும் ஆள் இருக்கிறது. எந்த ஊர் வாசகர் எதைத் தூக்கி வைத்துக்கொள்வார் என்பது யாருக்கும் முன்கூட்டித் தெரியாது.

இனி வரைந்து முடித்த 40 பக்கம். கிழிக்க வேண்டாம். பலூன்களை மட்டும் வெட்டிச் சுருக்குங்கள். ஆய்வாளருக்கு ஒரு பாக்கி கொடுங்கள்: யாரோ அவருக்குத் தர வேண்டியது, அல்லது அவர் யாருக்கோ தர வேண்டியது. அதற்கு ஐந்தாறு கட்டங்களைத் திருத்தினால் போதும். அடுத்த 40 பக்கத்தை வரையுங்கள், அதில் குடைக்காரருக்கு இரண்டு இடத்தில் வாசல் திறந்து வையுங்கள். ஆனால் முதல் புத்தகம் போல ஆறு பக்கத்துக்கு மேல் வேண்டாம். ஊறுகாயைச் சோறாகப் பிசைந்தால் ஒரு வாய் இறங்காது. கடைசிப் பாரமான 81 முதல் 96 வரை தொடாதீர்கள். அட்டையும் நோட்டும் என்ன சொல்கின்றன என்று பார்த்துவிட்டு அதை எழுதிக்கொள்ளலாம்.

நண்பர் குறித்துவைத்த 88-ஆம் பக்கம் அந்தப் பாரத்துக்குள்தான் வருகிறது. அவரால் பொறுக்கவே முடியவில்லை என்றால் பெரியவரைக் கடலில் தள்ளிவிடட்டும்; உடலை மட்டும் காட்ட வேண்டாம். பாப்பாயும் அந்த முதல் பயணத்திலேயே உடம்பு முழுக்கக் குண்டு வாங்கினான். கப்பலில் இருந்த ஒரு மந்திரக் கோழியின் தலையைத் தடவித்தடவி உயிர்பிழைத்தான் என்று சீகர் எழுதிவிட்டார், வாசகர்களும் ஏற்றுக்கொண்டார்கள். உங்களுக்குக் கோழிகூட வேண்டாம். தண்ணீரில் குடை மட்டும் மிதக்கிற மாதிரி ஒரு கட்டம் போட்டுவையுங்கள்.